எதிரி பாடிய பாட்டு

தர்மத்துக்காக ஆட்டம் ஆடுவது நமக்குப் புதிதல்ல. ஆஸ்பத்திரிக்குக் கட்டடம் வேண்டும், வெள்ளத்தில் வீடிழந்தவர்களுக்கு உதவி வேண்டும் என்றால், இரண்டு கோஷ்டிகளைக் கூட்டிப் பந்தயம் வைத்து, டிக்கெட் போட்டுப் பணம் திரட்டுகிறோம். வெறுங்கையை நீட்டினால் ஒரு காசு கொடுக்க மாட்டாதவன்கூட, எதிர்க் கட்சி தோற்பதைக் கண்ணாரப் பார்க்கலாம் என்றால் மடியை அவிழ்த்து விடுவான். ஒரே ஊரில் இரண்டு சர்வகலாசாலைகள் அமைந்துவிட்டாலோ, கேட்கவே வேண்டியதில்லை. பிரிட்டனில் ஷெபீல்டு, நாட்டிங்ஹாம் முதலிய நகரங்களில் இரு சர்வகலாசாலைகள் ஆண்டுதோறும் மோதிக்கொள்வது ஊர்த் திருவிழாவாகவே ஆகியிருக்கிறது.

இந்த வாரம் நாம் சொல்லப் போகும் ஆட்டம் எந்த நிதிக்காகவும் நடந்ததல்ல. ஆனாலும் அதைப் போன்ற தர்ம ஆட்டம் இன்னொன்று நடந்ததாக நாம் அறியோம்.

ஜப்பான் தேசத்துத் தலைநகரமான டோக்கியோவில் கெயோ என்றும் வாஸேடா என்றும் இரண்டு சர்வகலாசாலைகள் உண்டு. இரண்டும் சர்க்கார் ஏற்படுத்தியவை அல்ல. தனி மனிதர்கள் ஸ்தாபித்தவை. கெயோவின் மூலவர் புக்குஸாவா யுக்கிச்சி. 1858-ல் அவர் ஆரம்பித்த சிறு பாடசாலைதான் பிற்காலத்தில் சர்வகலாசாலையாயிற்று. 1984 முதல் 40 வருஷ காலம், புதிதாக அச்சாகும் 10,000 யென் நோட்டில் அவருடைய முகமே இருந்து வந்தது என்றால் அவருடைய மகிமை விளங்கும். வாஸேடாவை 1882-ல் நிறுவியவர் ஓகுமா ஷிகெனொபு. இவர் இரண்டு தடவை பிரதம மந்திரியாக இருந்தவர். அறிவாளிக்கு ஒரு கலாசாலை, அரசியல்வாதிக்கு ஒரு கலாசாலை! சண்டைக்கு வேறென்ன வேண்டும்?

சண்டைக்கு ஆயுதமாக அகப்பட்டது பேஸ்பால் என்னும் பந்தாட்டம். கிரிக்கெட்டிலேயே ஊறிப்போன நமக்கு இந்த ஆட்டத்தின் நுட்பங்கள் அவ்வளவாகப் பிடிபடுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஒருவன் பந்தை எறிகிறான். ஒருவன் தடியால் அடிக்கிறான். அடித்தவன் நான்கு மூலைகளையும் சுற்றி ஓடி வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். இவ்வளவு தெரிந்தால் இந்தக் கதைக்குப் போதும். 1870-களில் அமெரிக்க உபாத்தியாயர் ஒருவர் ஜப்பானில் விதைத்த இந்த ஆட்டம், முப்பது வருஷத்துக்குள் அந்நாட்டு மாணாக்கர்களின் உயிருக்கு உயிராகிவிட்டது.

1903-ம் வருஷம் நவம்பர் மாதம் வாஸேடா கோஷ்டியார் கெயோவுக்கு ஓலை அனுப்பினார்கள். தாங்கள் ஆட்டத்துக்குப் புதியவர்கள் என்றும், மூத்தவர்களாகிய கெயோவினரிடம் பாடம் கற்க விரும்புவதாகவும் வெகு பணிவாக எழுதியிருந்தார்கள். பணிவான கடிதத்துக்குள் இருக்கும் சவாலைப் புரிந்துகொள்ளாதவர் யார்? முதல் ஆட்டத்தில் கெயோ 11-க்கு 9 என்ற கணக்கில் ஜயித்தது. அன்று முதல் வருஷா வருஷம் பந்தயம் நடந்தது. 1905-ல் ருஷியாவுடன் யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயத்திலேயே வாஸேடா கோஷ்டியை அதன் பேராசிரியர் அபே இஸோ கப்பலேற்றி அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர்கள் ஜயித்ததைவிடத் தோற்றதே அதிகம். ஆனால் ஆட்டத்தின் புதிய தந்திரங்களையும், அவற்றோடு கூட்டமாகச் சேர்ந்து ஆர்ப்பரிக்கும் வித்தையையும் கற்றுக்கொண்டு திரும்பினார்கள்.

இந்தக் கடைசி வித்தைதான் வினையாக முடிந்தது. 1906-ம் வருஷத்து இலையுதிர் காலத்தில் மூன்று ஆட்டங்களுக்கு ஏற்பாடாயிற்று. முதல் ஆட்டத்தில் கெயோ வென்றது. வென்றவர்கள் பேசாமல் வீடு திரும்பக் கூடாதோ? நேரே ஓகுமாவின் மாளிகை வாசலுக்குப் போய் "பன்ஸாய்!" என்று ஜய கோஷம் போட்டார்கள். இரண்டாவது ஆட்டத்தில் வாஸேடா வென்றது. கடனை வட்டியுடன் திருப்ப வேண்டுமல்லவா? அவர்கள் ஊர்வலமாகப் போய், காலஞ்சென்ற புக்குஸாவாவின் இல்லத்துக்கு முன்னால் அதே கோஷத்தைப் போட்டார்கள். இனி மூன்றாவது ஆட்டம் நடந்தால் மண்டைகள் உடையும் என்று இரண்டு பக்கத்துப் பெரியவர்களுக்கும் தெரிந்து போயிற்று. ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

அந்த மூன்றாவது ஆட்டம் எப்போது நடந்தது என்று நினைக்கிறீர்கள்? அடுத்த வாரமல்ல, அடுத்த வருஷமுமல்ல. பத்தொன்பது வருஷம் கழித்து, 1925-ல்தான் இரு கோஷ்டிகளும் மறுபடியும் பேஸ்பால் மைதானத்தில் சந்தித்தன! 1906-ல் கோஷம் போட்ட இளைஞர்களுக்கு இதற்குள் தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். நம் கிராமங்களில் கோயில் தேர் இரு கட்சிச் சண்டையினால் வருஷக் கணக்காக நிலையிலேயே நின்றுவிடுவதை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாயிராது. தேரை நிறுத்துவது சுலபம். மறுபடி வடத்தைத் தொடச் செய்வதுதான் பிரம்மப் பிரயத்தனம்.

நடுவில் ரக்பி ஆடுகிறவர்கள் சற்றே புத்திசாலிகளாக நடந்துகொண்டார்கள். 1922-ல் அவர்கள் முந்திக்கொண்டு தங்கள் பந்தயத்தை ஆரம்பித்துவிட்டார்கள். எந்தத் தேதியில் மழை வருவது அபூர்வம் என்று பழைய கணக்குகளைப் பார்த்து நவம்பர் 23-ந் தேதியைப் பொறுக்கினார்களாம். பஞ்சாங்கம் பார்ப்பது நமக்கு மட்டும் உரிய வழக்கமல்ல போலும்.

1925-க்குப் பிறகு இந்தப் பந்தயம் தேசத்தின் பந்தயமாகிவிட்டது. ரேடியோ வந்தது. அந்த இரண்டு கலாசாலைகளின் வாசற்படியையும் மிதித்தறியாதவர்கள்கூட வீட்டில் உட்கார்ந்தபடியே ஏதாவதொரு கட்சியில் சேர்ந்துகொண்டார்கள். பாட்டுகளிலும் போட்டி உண்டாயிற்று. 1927-ல் கெயோ மாணாக்கர்கள் ஓர் உற்சாகப் பாட்டுடன் வந்தார்கள். அந்தப் பாட்டின் வேகத்தில் வாஸேடா திணறிற்று. பாட்டுக்குப் பாட்டுத்தான் பதில் என்று அவர்கள் 1931-ல் யூஜி கொஸெகி என்ற இளம் சங்கீதக்காரரைப் பிடித்து மெட்டமைக்கச் செய்தார்கள். இதே கொஸெகி 1946-ல் கெயோவுக்கும் ஒரு பாட்டுக்கு மெட்டமைத்துக் கொடுத்தார் என்பது வேடிக்கை. வித்துவான்களுக்குக் கட்சி ஏது?

கலகமும் இல்லாமற் போகவில்லை. 1933-ல் மைதானத்தில் வந்து விழுந்த ஆப்பிளைக் கெயோ ஆட்டக்காரர் ஒருவர் வாஸேடா கூட்டத்தை நோக்கித் திருப்பி வீச, அந்தக் கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து பெரிய ரகளையாயிற்று. அந்த ஆப்பிளின் பயனாக, வாஸேடா ஒரு பக்கம், கெயோ எதிர்ப் பக்கம் என்று இடம் நிச்சயமாயிற்று. அந்த ஏற்பாடு இன்றும் மாறவில்லை.

இனி நாம் சொல்ல வந்த ஆட்டத்துக்கு வருவோம்.

1943-ம் வருஷம். யுத்தம் ஜப்பானுக்குப் பாதகமாகத் திரும்பிவிட்டது. பேஸ்பால் என்பதோ சத்துருவின் நாட்டு விளையாட்டு. தொழில்முறை ஆட்டங்களில் 'ஸ்டிரைக்', 'பால்' என்ற ஆங்கில வார்த்தைகளைக்கூடக் களைந்து, ஜப்பானியச் சொற்களை வைத்தார்கள். அந்த வசந்த காலத்தில், டோக்கியோவின் ஆறு சர்வகலாசாலைகள் சேர்ந்து நடத்தி வந்த பந்தய சங்கத்தைக் கலைக்கும்படி கல்வி இலாகா உத்தரவிட்டது. இலையுதிர் காலத்தில் அதைவிடப் பெரிய உத்தரவு வந்தது. மாணாக்கர்களுக்குப் பட்டாளச் சேவையிலிருந்து அதுவரை கிடைத்துவந்த தவணை ரத்தாயிற்று. சட்டமும் இலக்கியமும் படிக்கும் பிள்ளைகள், 20 வயது நிரம்பியிருந்தால், புஸ்தகத்தை மூடிவிட்டுத் துப்பாக்கியை எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் நமக்கு ஒரு பழைய சம்பவம் ஞாபகம் வருகிறது. 1916-ல் ரவீந்திரநாத தாகூர் ஜப்பானுக்குச் சென்றபோது, கெயோ சர்வகலாசாலையில் மாணாக்கர்களுக்கு முன்னால் ஒரு பிரசங்கம் செய்தார். ராஜ்ய பலம் ஒன்றையே தெய்வமாகக் கும்பிடும் மேனாட்டு வியாதி ஜப்பானைப் பீடிக்கக் கூடாது என்பதுதான் அந்நாட்டில் அவர் செய்த எச்சரிக்கையின் சாரம். அங்கே பலருக்கு அது ரசிக்கவில்லை. அடிமை தேசத்துக் கவி வேறெப்படிப் பேசுவார் என்று ஏளனம் செய்தவர்களும் உண்டு. இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு அதே கலாசாலையின் பிள்ளைகளுக்கு அழைப்பு வந்துவிட்டது.

போவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை வாஸேடாவுடன் ஆட வேண்டும் என்று கெயோ ஆட்டக்காரர்கள் ஆசைப்பட்டார்கள். கடைசி ஆசை எதிரியுடன் ஆடுவது! அவர்கள் தங்கள் சர்வகலாசாலைத் தலைவர் ஷின்ஸோ கொய்ஜுமியிடம் சென்றார்கள். கொய்ஜுமி யுத்தத்தை எதிர்த்தவர் அல்லர், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அவருடைய ஒரே குமாரர் கடற்படை உத்தியோகஸ்தராகச் சென்று ஒரு வருஷத்துக்கு முன்புதான், 1942 அக்டோபரில், போரில் மாண்டிருந்தார். பிள்ளையைக் கொடுத்தவர், பிள்ளைகள் கேட்டதற்கு உடனே சம்மதித்தார்.

வாஸேடா நிர்வாகிகள் தயங்கினார்கள். தடுக்கப்பட்ட ஆட்டம், பெருங்கூட்டம் கூடினால் என்ன ஆகுமோ, சர்க்கார் என்ன சொல்லுமோ! எந்தத் தேசத்துச் சர்க்காரானால் என்ன, பத்துப் பேர் ஒன்றாகக் கூடிச் சத்தம் போட்டால் அதற்குப் பயந்தான். அப்போது துணிந்து நின்றவர் டோபிட்டா ஸுயிஷு. வாஸேடா கோஷ்டிக்கு முதல் பயிற்சியாளராக இருந்து அதை வளர்த்தவர். தம் ஆட்டக்காரர்களைக் கடுமையாக வாட்டி எடுப்பதில் பெயர் போனவர். அந்த முரட்டு மனிதர், போகிற பிள்ளைகளுக்கு எடுத்துக்கொண்டு போக ஒரு ஞாபகமாவது வேண்டும் என்று பிடிவாதமாயிருந்தார். மேலிடத்தின் மனம் கனியும் வரையில் காத்திராமல் கோஷ்டியின் பொறுப்பிலேயே ஆட்டத்தை நடத்துவதென்று தீர்மானமாயிற்று.

அக்டோபர் 16-ந் தேதி. வாஸேடாவின் டொட்ஸுக்கா மைதானம். விசேஷ ஆசனம் போட்டிருந்தும் கொய்ஜுமி அதை மறுத்துவிட்டுத் தம் மாணாக்கர்களின் நடுவிலேயே போய் உட்கார்ந்துகொண்டார்.

ஆட்டம் என்னவோ ஆட்டமாகவே இல்லை. வாஸேடாவினர் சங்கம் கலைந்த பிறகும் ஓயாமல் பழகி வந்தவர்கள். கெயோவினரோ பலர் ஊருக்குப் போயிருந்து அவசரமாகத் திரும்பி வந்தவர்கள். முடிவில் வாஸேடா 10, கெயோ 1. வேறு சமயமாயிருந்தால் இந்தக் கணக்குக்கு எத்தனை கேலி, எத்தனை ஊர்வலம், யார் வீட்டு வாசலில் எத்தனை "பன்ஸாய்"!

அன்று அப்படி ஒன்றும் நடக்கவில்லை. தோற்ற கெயோ கூட்டத்திலிருந்து ஒரு பாட்டு எழுந்தது. அது வாஸேடாவின் கலாசாலைப் பாட்டு! நாற்பது வருஷமாக எந்தக் கூட்டத்தின் வாயை அடைக்கத் தங்கள் தொண்டை வறளக் கத்தினார்களோ, அந்தக் கூட்டத்தின் பாட்டை முழுவதும் பாடினார்கள். எதிர்ப் பக்கத்திலிருந்து வாஸேடாவினர் கெயோவின் பாட்டைப் பாடிப் பதில் சொன்னார்கள். எதிரியின் பாட்டு இருவருக்குமே மனப்பாடமாயிருந்தது என்பதைக் கவனியுங்கள். பழிப்பதற்காகக் கேட்டுக் கேட்டே நெஞ்சில் பதிந்துவிட்டது போலும்! பிறகு இரு பக்கத்தாரும் சேர்ந்து, கடலில் போய் மடிவதைச் சொல்லும் ஒரு பழம்பாட்டைப் பாடினார்கள்.

ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 21-ந் தேதி, சர்க்காரே ஒரு வழியனுப்பு விழா நடத்திற்று. கொட்டும் மழையில், தோளில் துப்பாக்கியுடன், பல கலாசாலைகளின் மாணாக்கர்கள் அணிவகுத்துச் சென்றார்கள். பிரதம மந்திரி டோஜோ பேசினார். அந்த விழாவின் சினிமாப் படம் இன்றும் இருக்கிறது. அதைப் பார்த்தவர்களுக்கு அந்த முகங்கள் எளிதில் மறப்பதில்லை. இரண்டு விழாக்களும் ஒரே பிள்ளைகளுக்காகத்தான் நடந்தன. ஒன்று அவர்கள் கேட்காமலே கிடைத்தது. மற்றொன்று அவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டது.

டொட்ஸுக்காவில் அன்று ஆடியவர்களில் சிலர் திரும்பி வரவில்லை. பாடியவர்களில் எத்தனையோ பேர் வரவில்லை. 1945 மே மாதத்தில் நடந்த விமானத் தாக்குதலில் கொய்ஜுமியின் முகமும் கைகளும் கருகின. பிழைத்தெழுந்த அவர், பின்னால் பட்டத்து இளவரசருக்கு ஆசிரியரானார். காலஞ்சென்ற குமாரரைப் பற்றி அவர் எழுதிய புஸ்தகத்தை ஜப்பானியர் பலர் படித்திருக்கிறார்கள்.

யுத்தம் முடிந்து மூன்று மாதந்தான் ஆகியிருந்தது. டோக்கியோ சாம்பல் மேடாகக் கிடந்தது. ஜனங்களுக்கு அரிசி இல்லை. அந்த நிலைமையில், 1945 நவம்பர் 18-ந் தேதி, பழைய மாணாக்கர்களும் புதிய மாணாக்கர்களுமாகச் சேர்ந்து வாஸேடாவும் கெயோவும் மறுபடியும் ஆடினார்கள். அடுத்த வருஷம் ஆறு சர்வகலாசாலைகளின் சங்கமும் உயிர்பெற்றது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் சங்கப் பந்தயங்களின் கடைசி ஆட்டமாக இந்த இருவரின் ஆட்டத்தையே வைத்திருக்கிறார்கள்.

டொட்ஸுக்கா மைதானத்துக்குப் பிற்காலத்தில் பேராசிரியர் அபேயின் பெயரை வைத்தார்கள். அது 1987-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது வாஸேடாவின் பெரிய நூல் நிலையம் எழும்பியிருக்கிறது. பக்கத்தில் அபேக்கும் டோபிட்டாவுக்கும் மார்பளவுச் சிலைகள் வைத்திருக்கிறார்கள். உள்ளே மாணாக்கர்கள் குனிந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள். மற்ற நூல் நிலையங்களைப் போலவே அங்கேயும் சத்தம் போடக் கூடாது.