வாசலுக்கு வந்த வாக்குப்பெட்டி

தேர்தல் என்பது ஒரே நாளில் நடந்து முடிவது என்று எண்ணிய காலம் போயிற்று, தோழர்களே! 2024ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில், தமிழகம் ஏப்ரல் 19 அன்று சாவடி நோக்கி நடக்குமுன்பே, விண்ணப்பித்திருந்த 85 வயது கடந்த முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் தத்தம் இல்லத்திலேயே வாக்களித்துவிட்டனர். நடக்க இயலாதவரை நாடிச் சனநாயகம் நடந்து வருகிறது. வரட்டும், வரவேற்போம்!

ஆனால், அது வருமுன்னே வாசலில் வந்து நிற்பவர் யார்?

12டி படிவம் தந்து ஒப்புதல் பெற்றோரின் பட்டியல் வேட்பாளர் கைக்கும் வருகிறது. முறைகேட்டைத் தடுக்கத் தரப்படும் பட்டியல் அது. தேர்தல் தந்திரிகளுக்கோ அதுவே வேட்டை வரைபடம்! ஊரைக் கூட்டிக் கொள்கை பேச மேடை எதற்கு? இந்தப் பாட்டி எந்தச் சாதி, அந்தத் தாத்தா எந்தப் பேரன் சொல்லைக் கேட்பார், அந்தப் பேரனை வளைக்க என்ன விலை? இதுதான் கணக்கு. கடைசி இரவில் திறந்த பணப்பை, இனி முதல் வாரத்திலேயே திறக்கும்.

சில நூறு வாக்குகளுக்கா இத்தனை பாடு என்று கேட்பீர்கள். நம் புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயத்தைப் பாருங்கள்: 2016இல் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே நின்றவை 766 வாக்குகள், 2021இல் 1,382. தெற்கே இராதாபுரத்தில் 2016இல் வெறும் 49! அங்கே தலைமையாசிரியர் சான்றொப்பமிட்ட 203 அஞ்சல் வாக்குகள் செல்லாதவை என ஒதுக்கப்பட்டன. அவற்றை எண்ணுமாறு 2019இல் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. முடிவை வெளியிட உச்சநீதிமன்றம் தடை விதித்தது. முன்கூட்டியே விழும் வாக்கு ஆட்சியையே அசைக்கும் என்பதற்குச் சான்று வேறு வேண்டுமோ?

சாவடிக்குச் செல்பவருக்குச் சட்டம் ஓர் அமைதியைத் தருகிறது. வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரச்சாரம் ஓய வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. வீட்டில் வாக்களிக்கும் முதியவருக்கு அந்த அமைதி எங்கே? தெருவில் ஒலிபெருக்கி அலற, திண்ணையில் உறவுக்காரர் காத்திருக்க, கூடத்தில் மகன் முறைக்க, நடுங்கும் விரல்கள் வாக்கைக் குறிக்க வேண்டும்! சாவடியின் மறைப்புக்குள் அவள் ஒரு குடிமகள். வீட்டுக் கூடத்திலோ மாமியார், விதவை, பிள்ளையின் சோற்றை உண்பவள்!

1921இல் நீதிக்கட்சி ஆட்சிக்காலத்தில் பெண்ணுக்கு வாக்குரிமை வழங்கியது சென்னை மாகாணம். இப்புதுக்கோட்டை மண்ணிற் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மாநிலச் சட்டமன்றத்தில் துணைத்தலைவராக அமர்ந்தார். அப்படிப் பெற்ற உரிமையை அடுக்களையில் அடகு வைப்பதா?

ஆகவே கேட்கிறோம்: அலுவலர் வருமுன் 48 மணி நேரம் எக்கட்சியாரும் அவ்வீட்டுப் படியேறலாகாது. வாக்கைக் குறிக்கும் வேளையில் குடும்பத்தார் அறையை விட்டு வெளியேற வேண்டும். துணை தேவைப்படுவோர்க்குத் துணைவரைத் தேர்பவர் அவராகவே இருக்கட்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. இறுதி வாரத்து முழக்கத்தை நம்பிக் கிடந்தால், நாம் பேசத் தொடங்குமுன்பே பெட்டி மூடப்பட்டிருக்கும். வேட்புமனுவுக்கு முன்பே கொள்கை வீடு புக வேண்டும். பணம் முந்துமா, பகுத்தறிவு முந்துமா? முந்துகிறவர்க்கே முதியவளின் வாசல்!