பெரிய வெள்ளியன்று லெக்சிங்டன் துறையில்

மார்மன்கள் எனப்படும் சமயத்தாரைப் பற்றி நம் குடும்பங்களில் பலர் ஓரளவேனும் கேள்வியுற்றிருப்பர். 1830ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவரால் தொடங்கப்பெற்றது அச்சபை. பரிசுத்த திரித்துவத்தைக் குறித்து அவர்கள் கொண்டுள்ள கருத்து நமது விசுவாசத்தினின்று பெரிதும் வேறுபட்டது. அவர்கள் வழங்கும் ஞானஸ்நானம் செல்லத்தக்கதன்று என 2001ஆம் ஆண்டில் உரோமை தெளிவுபடுத்தியுள்ளது. பலதார மணத்தைக் கைவிடுவதாக 1890இல்தான் அவர்கள் அறிவித்தனர். இவற்றையெல்லாம் மறைத்துப் பேச வேண்டுவதில்லை. ஆயினும் அவர்களுள் ஏழை எளியோர் கடல் கடந்து சென்ற வரலாற்றில் நாம் அறிந்து கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு.

1840 ஜூன் திங்களில் லிவர்பூல் துறைமுகத்திலிருந்து ‘பிரிட்டானியா’ என்னும் கப்பலில் 41 பேர் புறப்பட்டனர். அதுவே தொடக்கம். அவர்களைப் பின்தொடர்ந்து நெசவாளரும் சுரங்கத் தொழிலாளரும் கைவினைஞரும் பல்லாயிரவராகச் சென்றனர். பயணக் கட்டணத்திற்கு வழியற்றோர்க்கென 1849இல் நிதியொன்று நிறுவப்பட்டது. அதிலிருந்து கடன் பெற்றுச் சென்றவர், போய்ச் சேர்ந்தபின் உழைத்துத் திருப்பித் தருதல் வேண்டும். அப்பணம் அடுத்து வருவோர்க்கு உதவும்.

அக்காலத்துப் பாய்மரக் கப்பலின் கீழ்த்தளத்தை வாசகர்கள் மனக்கண்ணால் காண வேண்டும். பலகைகளை அடித்துச் செய்த இரண்டடுக்குப் படுக்கைகள், தாழ்ந்த கூரை, மங்கிய விளக்கு. புயல் வீசினால் மேல்வாயில்களை அடைத்துவிடுவர். பெட்டிகள் உருள, பிள்ளைகள் அலற, காற்றோட்டமின்றி நாட்கணக்கில் கிடக்க வேண்டும். அம்மை போன்ற நோய் புகுந்துவிட்டால் முதலில் மடிந்தவர்கள் குழந்தைகளே. பெற்ற பிள்ளையைத் துணியில் சுற்றிக் கடலில் இறக்கிவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்த தாய்மார் எத்தனை பேர்! நியூ ஆர்லியன்ஸ் நகரை அடைய ஏறத்தாழ எட்டு வாரங்கள் ஆயின.

இத்தகைய நெருக்கடியில் மார்மன்கள் காத்த ஒழுங்கு பிறர் கருத்தைக் கவர்ந்தது. கப்பலைப் பல பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொன்றிற்கும் தலைவர் ஒருவரை அமர்த்தினர். விடியலில் எழுந்து தளத்தைக் கூட்டிக் கழுவினர்; காலையிலும் மாலையிலும் கூடிச் செபித்தனர்; இரவில் முறைவைத்துக் காவல் புரிந்தனர். 1863 ஜூன் திங்களில் ‘அமேசான்’ என்னும் கப்பல் 800க்கும் மேற்பட்ட மார்மன்களுடன் இலண்டனிலிருந்து புறப்படவிருந்தபோது, எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸ் அதில் ஏறிப் பார்த்தார். குறைகூறும் எண்ணத்துடனேயே அவர் சென்றார். ஆனால் குடிபோதையையோ சச்சரவையோ அங்கே அவர் காணவில்லை. கிடைத்த மூலைகளிலெல்லாம் அமர்ந்து கடிதம் எழுதிக்கொண்டிருந்தவர்களையே கண்டார். தாம் கண்டதைக் கண்டவாறே எழுதவும் செய்தார். முன்முடிவோடு சென்றவர் உண்மையை மறைக்காது எழுதியது பெருந்தன்மை என்றே நாம் கருதுகிறோம்.

கடலைக் கடந்ததோடு இடர் ஒழிந்துவிடவில்லை. நியூ ஆர்லியன்ஸில் இறங்கியவர்கள் நீராவிப் படகேறி மிசிசிப்பி ஆற்றில் மேல்நோக்கிச் சென்று, பின் மிசூரி ஆற்றின் வழியே பயணம் செய்ய வேண்டும். மிசூரி மாநிலமோ அவர்களுக்குக் கசப்பான நினைவு. 1838ஆம் ஆண்டு அக்டோபரில் அம்மாநில ஆளுநர் பாக்ஸ், மார்மன்களைப் பகைவராகக் கருதி அழிக்க வேண்டும், அன்றேல் மாநிலத்தினின்று துரத்த வேண்டும் என ஆணை பிறப்பித்திருந்தார். ஆயிரக்கணக்கானோர் குளிர்காலத்தில் வீடு வாசலை இழந்து வெளியேறினர். அவ்வாணை முறைப்படி நீக்கப்பட்டது 1976ஆம் ஆண்டில்தான்!

1852ஆம் ஆண்டு ஜனவரியில் லிவர்பூலை விட்டுக் ‘கென்னபெக்’ கப்பலில் வந்தவர்களுள் பலர், ‘சலூடா’ என்னும் பழைய நீராவிப் படகில் மிசூரி ஆற்றில் சென்றனர். லெக்சிங்டன் என்னும் ஊருக்கருகில் ஆற்றின் வளைவில் நீரோட்டம் கடுமையாக இருந்தது. பனிக்கட்டிகளும் மிதந்து வந்து மோதின. படகு பலமுறை முயன்றும் அவ்வளைவைக் கடக்கவில்லை. நாள்கள் கழிந்தன. தலைவர் பெல்ட் பொறுமை இழந்தார். நீராவியின் அழுத்தத்தைப் பெருக்கச் செய்து, ஏப்ரல் 9ஆம் நாள் காலையில் படகைத் துறையிலிருந்து நகர்த்தினார். சற்று நேரத்திற்குள் கொதிகலன்கள் வெடித்தன. படகு சிதறியது, தலைவரும் மாண்டார். பயணிகளிற் பலரை ஆறு அடித்துச் சென்றது. ஒரு மனிதரின் பொறுமையின்மைக்கு எத்தனை குடும்பங்கள் விலை கொடுத்தன!

அன்று பெரிய வெள்ளிக்கிழமை.

லெக்சிங்டன் மக்கள் கரைக்கு ஓடி வந்தனர். காயமுற்றோரைத் தங்கள் இல்லங்களுக்குத் தூக்கிச் சென்று மருத்துவம் செய்தனர். இறந்தோரை அடக்கம் செய்தனர். உயிர் தப்பியவர்களுக்கென ஊரார் பணம் திரட்டினர். பெற்றோரை இழந்து நின்ற பிள்ளைகளைச் சில குடும்பங்கள் தம் பிள்ளைகளாகவே ஏற்றுக்கொண்டன. வந்தவர்கள் மார்மன்கள் என்பதை அறியாமல் செய்ததன்று இது. ஆளுநரின் ஆணை பிறந்து பதினான்கு ஆண்டுகள்கூட நிறைவடைந்திருக்கவில்லை. அவ்வாணையை யாரும் திரும்பப் பெற்றிருக்கவுமில்லை. அந்நாளில் அச்சமயத்தாரை வெறுப்பது அம்மாநிலத்தில் குற்றமாகக் கருதப்படவுமில்லை. அதே மண்ணில்தான், ஈரத் துணியுடன் நடுங்கி நின்ற குழந்தையை ஒரு வீட்டுத் தாய் கைப்பிடித்து உள்ளே அழைத்துச் சென்றாள்.

அப்பிள்ளைகளுள் சிலர் பின்னர் உறவினரைத் தேடி உப்பு ஏரிப் பள்ளத்தாக்கிற்குச் சென்றனர். சிலர் லெக்சிங்டனிலேயே, தங்களை எடுத்து வளர்த்தவர்களின் வீட்டில் வளர்ந்து ஆளாயினர்.