மெல்ல நடப்பவரே நமது வாடிக்கையாளர்

வியாபாரிகளாகிய நாம் நமது ஊர்க் கடைத்தெருவை எப்போதும் கடைக்குள் இருந்துகொண்டே பார்த்துப் பழகியவர்கள். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்து பார்த்தால் தெருவில் போகிறவர்கள் இரண்டு வகையினர்தான். ஒருவர் கடைக்குள் வருகிறவர், மற்றவர் கடந்து போகிறவர். அந்தக் கடந்து போகிறவர் ஏன் கடந்து போகிறார் என்பதை அறிய வேண்டுமாயின் நாமும் எழுந்து அவரைப் போல ஒரு மணித்தியாலம் தெருவில் நடந்து பார்க்க வேண்டும்.

பதுளை நகரில் அதற்குப் பொருத்தமான நேரம் ஒன்று உண்டு. தோட்டங்களில் பத்தாந் திகதிச் சம்பளம் போட்டு இரண்டு வாரம் கழிந்த ஒரு கிழமை நாள், பகல் இரண்டு மணி. பாடசாலை விடும் சந்தடி ஓய்ந்திருக்கும். அலுவலகங்கள் கலைய இன்னும் நேரமிருக்கும். பஸாரில் கடைப் பையன்கள் வாசலில் நின்று கொட்டாவி விடும் நேரம் அது. "வியாபாரம் படுத்துவிட்டது" என்று நாம் அலுத்துக்கொள்ளும் அந்த நேரத்தில்தான் நகரம் தன் முகத்தை மறைக்காமல் காட்டுகிறது.

ரயில் நிலையத்தில் இருந்தே தொடங்குவோம். 1924ஆம் ஆண்டு பாதை இங்கு வந்து சேர்ந்தது. கொழும்பில் இருந்து சுமார் 290 கிலோமீற்றர் ஏறி இறங்கி வரும் மலையகப் பாதையின் கடைசி நிலையம் இதுதான். ஊவாத் தேயிலையைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லப் போட்ட பாதையில் இன்று உல்லாசப் பயணிகள் வருகிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் சுமார் இருபது கிலோமீற்றருக்கு முன்பாகவே எல்லயில் இறங்கிவிடுகிறார்கள். தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் சிறு கிராமமாக இருந்த எல்ல, தேநீர்க் கடையும் தங்குமிடமுமாக வளர்ந்து நிற்கிறது. மாகாணத்தின் தலைநகரான பதுளையோ ரயில் வந்து திரும்பும் இடமாக இருக்கிறது.

இங்கு பார்க்க ஒன்றுமில்லையா? முதியங்கனை ரஜமகா விகாரை நகருக்குள்ளேயே இருக்கிறது. 1845இல் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸின் நினைவாகக் கட்டிய பரிசுத்த மாற்கு தேவாலயம் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்து வெலேகடைச் சந்தைக் கட்டடம் இருக்கிறது. பள்ளிவாசல், கோயில், பஸார் வீதியின் பழைய கடைகள், இவற்றுக்கெல்லாம் மேலாக நமுனுகுல மலை. மாட்டு வண்டியும் கால்நடையுமாக மனிதர் திரிந்த காலத்தில் உருவான நகரம் ஆகையால் முக்கியமான இடங்கள் எல்லாம் நடை தூரத்துக்குள்ளேயே அமைந்திருக்கின்றன. இப்படி அமைந்த நகரம் ஒரு முதல். அந்த முதலை நாம் வட்டிக்கும் விடவில்லை, வியாபாரத்திலும் போடவில்லை.

பஸாருக்குள் நடந்து பாருங்கள். நடைபாதை என்று ஒன்று இருக்கிறது. ஆனால் அதில் பாதியைப் பிளாஸ்டிக் வாளிகளும் செருப்பு அடுக்குகளும் துணி போர்த்திய பொம்மைகளும் பிடித்திருக்கின்றன. மீதிப் பாதியில் மோட்டார் சைக்கிள்கள். நடப்பவர் வேறு வழியின்றித் தெருவில் இறங்குகிறார். இறங்கியதும் பின்னால் ஆட்டோ ஹோர்ன் அடிக்கிறது. கையில் பிள்ளை, மறுகையில் பை, பின்னால் ஹோர்ன் என்றால் எந்தப் பெண் நின்று நமது கண்ணாடிப் பெட்டியைப் பார்ப்பார்? எவ்வளவு சீக்கிரம் பஸ் நிலையத்தை அடையலாம் என்பதில்தான் அவர் கவனம் இருக்கும். பொருளை வெளியே வைத்தால்தான் விற்கும் என்று நாம் நினைக்கிறோம். வெளியே வைத்த பொருளே பார்ப்பவரை விரட்டுகிறது.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று சிறு வயதிலேயே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அந்தப் பயானைக் கேட்கும்போது முள்ளும் கல்லும்தான் நினைவுக்கு வருகின்றன. நமது கடைவாசலில் நிற்கும் செருப்பு அடுக்கும் அந்தக் கணக்கில்தான் வரும்.

இனி நமது வாடிக்கையாளர் யார் என்று பார்ப்போம். பசறை, ஹாலிஎல, ஸ்பிரிங்வெளி, நமுனுகுல பக்கத்துத் தோட்டங்களில் இருந்து பஸ் ஏறி வரும் குடும்பங்களே பல தலைமுறையாகப் பதுளைக் கடைகளின் உயிர். அவர்களது ஆகக் குறைந்த நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபா ஆனது, 2024இல் 1350 ரூபா ஆனது. இடையில் 2022 செப்டம்பரில் பணவீக்கம் சுமார் 70 வீதத்தைத் தொட்டதையும் மறந்துவிட முடியாது. கூடிய சம்பளத்தில் பெரும்பகுதியை அரிசியும் மாவும் மண்ணெண்ணெயும் விழுங்கிவிட்டன. எஞ்சிய சில ஆயிரங்களுடன்தான் அந்தத் தாய் பிள்ளைக்குச் சப்பாத்தும் தீபாவளிக்குப் புடைவையும் வாங்க டவுனுக்கு வருகிறார்.

அவர் காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டு இறங்கியவர். மலையில் இருந்து பஸ் வீதிக்கு நடந்திருப்பார். டவுனுக்கு வந்து சேரும்போது பத்து மணி. அப்போது அவருக்குத் தேவைப்படுவது முதலில் புடைவை அல்ல. கால் கழுவ, முகம் கழுவ, ஒதுங்க ஒரு சுத்தமான இடம். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார ஒரு வாங்கு. ஒரு மிடறு தண்ணீர். இவை கிடைக்காத ஊரில் அவர் இரண்டு கடைக்கு மேல் ஏற மாட்டார். வாங்க நினைத்த நான்கு சாமான்களில் இரண்டை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். வாங்காமல் போன அந்த இரண்டு சாமான்கள் எவரது கணக்குப் புத்தகத்திலும் நட்டமாக எழுதப்படுவதில்லை. ஆனால் பஸாரின் பெரிய நட்டம் அதுதான்.

சுப்பர் மார்க்கட்டுகள் இதை நன்றாக விளங்கி வைத்திருக்கின்றன. அவை விற்பது மலிவான சாமான் மட்டுமல்ல. மழை படாமல், ஹோர்ன் கேட்காமல், "என்ன வேண்டும்?" என்று யாரும் விரட்டாமல் மெல்ல நடக்கும் வசதியையும் சேர்த்தே விற்கின்றன. கைத்தொலைபேசியில் பொருள் தருவித்து வீட்டுக்கே எடுப்பதும் தோட்ட லயங்கள் வரை போய்விட்டது. விலையில் மட்டும் இவற்றோடு போட்டி போட்டு எத்தனை காலம் நிற்க முடியும்?

இந்தப் பிரச்சினை புதியதல்ல. 1822இல் சிங்கப்பூர் நகரைத் திட்டமிட்ட ராபிள்ஸ், கடைகள் யாவும் தெருப்பக்கம் கூரையுடன் கூடிய விறாந்தை விட வேண்டும், அது எந்நேரமும் நடப்பவருக்குத் திறந்திருக்க வேண்டும் என்று விதித்தார். பின்னர் மலாயா நகரங்களில் அது ஐந்தடிப் பாதை என்று பெயர் பெற்றது. கடைக்காரர்கள் என்ன செய்தார்கள்? நம்மைப் போலவே அதில் சாமானை அடுக்கினார்கள். 1888 பெப்ரவரியில் அதிகாரிகள் விறாந்தைகளைத் துப்புரவாக்கப் போனபோது கடைகள் அடைக்கப்பட்டு நகரில் கலவரமே மூண்டது. ஆகவே பொலிஸை அனுப்பி அள்ளிச் செல்வதால் இது தீரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காலூன்றிய பினாங்கின் ஜோர்ஜ் டவுன் 2008இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தபோது, அந்த விறாந்தைகளோடு கூடிய கடை வீடுகளும் அதன் பெருமைகளில் ஒன்றாக இருந்தன. இன்று அவற்றின் நிழலில் நடப்பதற்கென்றே வெளிநாடுகளில் இருந்து ஆட்கள் வருகிறார்கள். சென்னையிலும் தியாகராய நகர் பாண்டி பஜாரில் வாகனப் பாதையைக் குறைத்து நடைபாதையை அகலமாக்கி 2019இல் திறந்தார்கள்.

வாகனம் நிறுத்த இடமில்லாவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார் என்று சிலர் சொல்லக்கூடும். கடை முன்னால் காலை முதல் மாலை வரை அசையாமல் நிற்கும் வாகனங்கள் யாருடையவை என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். வாடிக்கையாளரின் வாகனம் அரை மணித்தியாலத்தில் போய்விடும். நாள் முழுதும் நிற்பது முதலாளியுடையதும் ஊழியருடையதும்தான். நடைபாதை வியாபாரிகள் விடயமும் உண்டு. பொட்டணி சுமந்து தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி வியாபாரம் பழகிய சமூகம் நாம். ஏழை வியாபாரியைத் துரத்தச் சொல்ல நமக்கு நா எழக்கூடாது. அவருக்கு பஸ் நிலையத்துக்கு அண்மையில் கோடு போட்ட ஓர் இடம் வேண்டும்.

நகரத்தின் அமைதி பற்றியும் ஒரு வார்த்தை. அமைதியில் இரண்டு வகை உண்டு. 1983 ஜூலையில் இந்த நகரில் தமிழர்களின் கடைகள் எரிந்த பின் வந்த அமைதி ஒன்று. 2019 ஏப்ரலுக்குப் பின் முஸ்லிம் கடைக்குள் ஏறலாமா என்று ஆட்கள் தயங்கிய நாட்களின் அமைதியும், 2020இன் ஊரடங்கும் அதே வகை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மாவட்டத்தில் உயிர்களைக் காவுகொண்டு வீதிகளையும் ரயில் பாதையையும் துண்டித்தபோதும் தெருக்கள் வெறிச்சோடின. அந்த அமைதியில் எவரும் மெல்ல நடப்பதில்லை. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற பேதமின்றி ஒரு முதியவர் கைத்தடியோடு பஸார் வீதியில் நின்று நின்று போகிறார் என்றால், இந்த ஊரில் தமக்கு ஒன்றும் நேராது என்று அவர் நம்புகிறார் என்றே பொருள். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் எந்த விலைக்கழிவும் வியாபாரத்தைக் கொண்டுவராது.

செய்ய வேண்டியவை பெரிய செலவுக்குரியவை அல்ல. முதலாவது, கடைவாசலில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கும் அளவு இடத்தை ஒவ்வொரு கடையும் விட்டுக்கொடுப்பது. இரண்டாவது, ஐப்பசி முதல் தை வரை ஊவாவில் பெய்யும் மழைக்குப் பக்கத்துக் கடைகளின் முன்கூரைகளை இடைவெளியின்றி இணைப்பது. மூன்றாவது, பெண்களுக்கான சுத்தமான கழிவறையும் சில வாங்குகளும். பராமரிப்புச் செலவைத் தெருவில் உள்ள கடைகள் பங்கிட்டால் ஒரு கடைக்கு மாதம் சில நூறு ரூபாவுக்கு மேல் வராது. மாநகர சபை இடத்தைத் தரட்டும், சாவியை வர்த்தகர்கள் வைத்திருக்கட்டும். நான்காவதாக, விகாரை, தேவாலயம், பள்ளிவாசல், பழைய சந்தை ஆகியவற்றுக்கு வழி காட்டும் மும்மொழிப் பலகை ஒன்று ரயில் நிலைய வாசலில் இருந்தால், எல்லயில் இறங்க வேண்டியவர்களில் சிலராவது கடைசி வரை வருவார்கள்.

முழு நகரத்தையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. ஒரே ஒரு தெருவில், சம்பளத்துக்குப் பின்வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், எல்லாக் கடைகளும் சாமானை உள்ளே எடுத்து, சொந்த வாகனங்களை வேறிடத்தில் நிறுத்திப் பார்க்கட்டும். அன்று மாலை கல்லாவை எண்ணி, அதற்கு முந்திய மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, தொடர்வதா விடுவதா என்று வர்த்தகர் சங்கக் கூட்டத்தில் முடிவு செய்யலாம்.