பொட்டிக்குள்ள ஒரு மாவு மில்லு

"ஏண்டா, உள்ள என்னத்தப் போட்டு அரைக்குற?"ன்னு அம்மா அடுப்படியிலேர்ந்து கேட்டப்பதான் விஷயம் முத்திப்போச்சுன்னு புரிஞ்சுது. நான் ஒண்ணும் அரைக்கலைங்க. லேப்டாப்புல மானிட்டரைச் சொருகினேன், அவ்வளவுதான்.

நமக்கு மென்பொருள் கம்பெனியில பொட்டி தட்டுற பொழப்பு. மாசத்துல ஒரு வாரம் சென்னை, மிச்ச நாள் பெரம்பலூர் வீடு. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால கெஞ்சி வாங்கின ஏற்பாடு இது. லேப்டாப் தனியா இருந்தா பூனை மாதிரி இருக்கும். மானிட்டர் வயரைச் சொருகி ரெண்டு நிமிஷம் ஆச்சுன்னா பிளேன் கிளம்பும்.

போன வருஷம் மே மாசம், மத்தியானம் மூணு மணி. கிளையன்ட்டுக்கு டெமோ காட்டிக்கிட்டு இருக்கேன். மவுஸ் நகரல. ஒரு பட்டனை அமுக்கினா பத்து செகண்ட் கழிச்சு திறக்குது. கால் முடிஞ்சதும் மேனேஜர் ரொம்பத் தன்மையா சொன்னார்: "ஊர்ல நெட்டு சரியில்ல போல. நீங்க சென்னைக்கே வந்துடுங்களேன்."

நெட்டு நல்லாத்தான் இருந்துச்சு. சிப்பு நூறு டிகிரிகிட்ட போயி, தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சுக்கிச்சு. இதை அவருக்கு எப்படி விளக்குறது?

அரியலூர்ல ஒரு சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கிட்டு ஓடினேன். கழட்டினா ஃபேன் பக்கத்துல கம்பளி மாதிரி தூசு. கடைக்கார அண்ணன் சிரிச்சார். "தம்பி, இது சிமெண்ட் ஊரு. சுண்ணாம்புக்கல் லாரி ஓடுற வரைக்கும் எனக்கு வேலை இருக்கும்." சுத்தம் பண்ணி, காய்ஞ்சு போன பேஸ்ட்டை மாத்திக் குடுத்தார். ரெண்டு நாள் நிம்மதி. மூணாம் நாள் மானிட்டரைச் சொருகினேன். மறுபடியும் மாவு மில்லு.

அப்புறம்தான் உட்கார்ந்து நோண்டினேன். கொஞ்சம் பொறுமையா கேளுங்க, சிம்பிளாதான் சொல்லப் போறேன்.

நிறைய லேப்டாப்புல கிராபிக்ஸ் சிப்பு ரெண்டு இருக்கும். பிராசஸரோட ஒட்டினது சின்னது, தனியா இருக்குறது பெருசு. தேவையில்லாதப்போ பெருசைத் தூங்க வைக்கத்தான் என்விடியா 2010-ல ஆப்டிமஸ்னு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. ஆனா பல மாடல்கள்ல எச்டிஎம்ஐ துளையோட வயரிங் நேரா பெரிய சிப்புக்குத்தான் போகுது. வயரைச் சொருகிட்டா அதுக்குத் தூக்கம் கிடையாது. நீங்க வெறும் எக்ஸெல் ஷீட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தாலும் அது முழிச்சிருந்து கரண்ட்டைத் தின்னும், சூட்டைக் கக்கும்.

இன்னொண்ணு. லேப்டாப் திரை 144 ஹெர்ட்ஸ், மானிட்டர் 60 ஹெர்ட்ஸ்னு வெச்சிருந்தா இன்னும் மோசம். ரெண்டு படத்துக்கு நடுவுல வர்ற சின்ன இடைவெளியிலதான் கிராபிக்ஸ் மெமரி தன் வேகத்தை மாத்திக்க முடியும். ரெண்டு திரைக்கும் இடைவெளி ஒத்து வரலைன்னா, எதுக்கு வம்புன்னு முழு வேகத்துலேயே ஓடும்.

நான் செஞ்சது ரெண்டே வேலை. ரெண்டு திரையையும் 60 ஹெர்ட்ஸ்ல வெச்சேன். எச்டிஎம்ஐயை விட்டுட்டு, என் லேப்டாப்புல சின்ன சிப்போட இணைஞ்சிருக்குற யுஎஸ்பி-சி துளைக்கு மாறினேன். சத்தம் பாதிக்குப் பாதி குறைஞ்சுது. காசு செலவு ஒரு கேபிள்தான்.

மிச்சப் பாதி? அதுதான் இந்தப் பதிவு.

மேக்புக்கை எடுத்துக்குங்க. 10-லேர்ந்து 35 டிகிரி வரைக்கும் இருக்குற இடத்துல பயன்படுத்துங்கன்னு ஆப்பிளே சொல்லுது. மத்த கம்பெனிகள்லயும் பல மாடலுக்கு இதே 35தான் எல்லை. சித்திரை வெயில்ல எங்க ஊர் மத்தியானம் 40-ஐ சர்வசாதாரணமா தொடும். காலையிலேர்ந்து வெந்த தளத்துக்குக் கீழ, என் ரூம்ல 38. அதாவது எங்க ஊர் கோடைக்காலமே அந்தக் கணக்குல சேர்த்தி இல்ல!

சின்னக் கணக்கு ஒண்ணு போடுவோம். உள்ள இருக்குற உலோகத் தகடு 80 டிகிரின்னு வெச்சுக்குங்க. ஏசி ஆபீஸ்ல காத்து 24 டிகிரி, வித்தியாசம் 56. என் ரூம்ல வித்தியாசம் 42. வெப்பம் வெளியேறுறது இந்த வித்தியாசத்தைப் பொறுத்ததுதான். அதே ஃபேன், அதே வேகம், ஆனா கால்வாசி சூடு குறைவாத்தான் வெளியே போகும். அதை ஈடுகட்டத்தான் அது அந்தக் கத்து கத்துது.

"ஏசி போட்டுக்க வேண்டியதுதானே?"ன்னு கேப்பீங்க. போடலாம். ஆபீஸ்ல எனக்கு ஏசி போட்டது யாரு? கம்பெனி. நான் வீட்டுக்கு வந்ததும் அந்தச் செலவு எங்க போச்சு? எங்க அப்பா பேர்ல வர்ற கரண்ட் பில்லுக்கு வந்துடுச்சு. நாள் முழுக்க ஏசி ஓடினா ஸ்லாப் ஏறும், யூனிட் ரேட்டே மாறும். நாற்காலி வாங்க, இன்டர்நெட் கட்ட அலவன்ஸ் குடுக்குற கம்பெனிங்க இருக்கு. குளிர்ச்சிக்குன்னு குடுத்து நான் கேள்விப்பட்டதில்ல. ஏன்னா முடிவு எடுக்குறவங்க ரூம்ல எப்பவுமே 24 டிகிரி.

லேப்டாப் தயாரிக்குறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். ஒல்லி ஒல்லின்னு பெருமை பேசுறதுக்கு முன்னாடி, எந்தத் துளை எந்த சிப்புக்குப் போகுதுன்னு அட்டைப்பெட்டியில ஒரு வரி போடுங்க சாமி. அந்த ஒரு வரி தெரியாமத்தான் டெமோவுல மானம் போச்சு.

மேனேஜருக்கு இதையெல்லாம் மெயில்ல எழுதினேன். வெப்பநிலை கிராஃபையும் சேர்த்தேன். "ஓ, நெட்டு இல்லையா?"ன்னு பதில் வந்துச்சு. பெரம்பலூர் ஏற்பாடு இப்போதைக்குத் தப்பிச்சுது. ஆனா ஊர்லேர்ந்து வேலை பாக்குற எத்தனை பேர், வெயில் பண்ணின தப்புக்கு 'மந்தமான ஆளு'ன்னு பேர் வாங்கியிருப்பாங்களோ!

பி.கு: அம்மா இப்பல்லாம் கேக்குறதில்ல. சத்தம் நின்னா மட்டும் எட்டிப் பாத்து, "வேலை முடிஞ்சுதா, சாப்பிட வர்றியா?"ங்குறாங்க.