நேற்றுப் பதிவு செய்ததுபோல

வீணை தனம்மாளின் கிராமபோன் தட்டுகளிலிருந்து எடுத்த ஒரு மறுவெளியீட்டைப் பற்றி நம் நண்பர்கள் இரண்டு மூன்று பேர் சமீபத்தில் பேசியும் எழுதியும் இருக்கிறார்கள். சுற்றி வளைத்து எல்லோரும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கிறார்கள்: 'நேற்றுப் பதிவு செய்ததுபோல் இருக்கிறது.' இது பாராட்டு என்று அவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு இது குற்றப்பத்திரிகையாகப் படுகிறது. 1938இல் காலமான ஒரு அம்மாள், தன் அறுபது வயதுக்குப் பிறகு, 1930களில் ஒரு ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்து வாசித்தது நேற்று வாசித்ததுபோல் இருக்கிறது என்றால், நடுவில் யாரோ எதையோ செய்திருக்கிறார்கள். என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்பது விமர்சகனின் முதல் வேலை. நம்மவர்கள் கேட்கவில்லை. ஒரு கவிதையில் ஒற்று மிகுந்ததா இல்லையா என்று மூன்று இதழ்களுக்குச் சண்டை போடக்கூடியவர்கள், சங்கீதம் என்று வந்தவுடன் காதை வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

இதைச் சொல்ல எனக்கென்ன யோக்கியதை? பாடத் தெரியாது. ஸ்வரம் எழுதத் தெரியாது. மூர் மார்க்கெட் 1985இல் எரிந்து போவதற்கு முன்னால் அங்கே பழைய புத்தகம் தேடப் போய், புத்தகத்துக்கு வைத்திருந்த காசில் தட்டு வாங்கிக்கொண்டு திரும்பியவன், அவ்வளவுதான். அப்போதே அந்தத் தட்டுகளை யாரும் மதிக்கவில்லை. பிறகு கேசட் வந்தது. நானும் மதிக்காமல் போனேன். ஊசிக்கு அலைய வேண்டாம், மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து போய்த் தட்டைத் திருப்ப வேண்டாம், கரகரப்பு கிடையாது. கனமாக இருக்கின்றன என்பதால் தட்டுகள் அலமாரியின் அடித்தட்டுக்குப் போயின. கேசட்டுகள் கைக்கு எட்டுகிற உயரத்தில். பிறகு சி.டி. வந்தது. மறுவெளியீடு எது வந்தாலும் வாங்கினேன், வந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினேன், 'எவ்வளவு சுத்தம் பார்த்தீர்களா' என்றும் சொன்னேன். ஆக, நண்பர்கள் மீது நான் சாட்டுகிற குற்றத்தைப் பல வருஷம் நானே செய்திருக்கிறேன்.

2015 டிசம்பரில் வேளச்சேரியில் வெள்ளம் புகுந்தது பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஏரிக்குக் கீழே ராம் நகர்ப் பக்கம் தரைத்தளத்தில் குடியிருந்தவன் நான். தண்ணீர் வடிந்து உள்ளே போனபோது அலமாரி குப்புற விழுந்து கிடந்தது. கேசட்டுகளுக்குள் சேறு. ஒன்றைப் பிரித்தேன். நாடா பாசிபோல் கையோடு வந்தது, அதற்குப் பிறகு பிரிக்கவில்லை. சி.டி.க்களின் அட்டைகள் கூழாகி, எது எந்தப் பெட்டி என்று தெரியாதபடி ஆயிருந்தன. தட்டுகளில் ஒன்பது உடைந்திருந்தன. மற்றவை இருந்தன! உறைகள் கரைந்து, நடுவிலிருந்த லேபிள்கள் திட்டுத்திட்டாக வெளுத்து, ஆனால் தட்டுகள் இருந்தன. பச்சைத் தண்ணீரில் கழுவி மொட்டை மாடி நிழலில் நிறுத்தி உலர்த்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தோடு ஒரு பாட்டில் ஸ்பிரிட் கொண்டுவந்து, 'இதால் துடைங்க சார், பளிச்சென்று ஆகிடும்' என்றார். நல்ல வேளை, கை வைக்கவில்லை. தட்டு அரக்கால் ஆனது. மரச்சாமானுக்குப் பாலிஷ் போட அதே அரக்கைத்தான் தச்சர்கள் ஸ்பிரிட்டில் கரைக்கிறார்கள். தனம்மாள் அன்றைக்கே துணியோடு வந்திருப்பார்.

அதன்பிறகுதான், கேட்பதற்கு வேறு ஒன்றும் மிஞ்சாத நிலையில், தட்டுகளை ஒழுங்காகக் கேட்கத் தொடங்கினேன். ஒழுங்காக என்றால் முதலில் ஊசி. எல்.பி. தட்டின் ஊசி முனை சுமார் 25 மைக்ரான். பழைய 78 சுற்றுத் தட்டின் பள்ளத்துக்கு ஏறக்குறைய அதைப்போல் மூன்று மடங்கு, 75 மைக்ரான் வேண்டும். மெல்லிய ஊசியைப் போட்டால் அது பள்ளத்தின் சுவர்களைத் தொடாமல் அடியில் கிடக்கும் குப்பையில் உரசிக்கொண்டு போகும். பலர் 'பழைய தட்டின் இரைச்சல்' என்று சொல்வதில் பாதி, தவறான ஊசியின் இரைச்சல். சரியான ஊசியோடு தனம்மாளை வைத்தேன். இரைச்சல் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த இரைச்சலுக்குள்ளே, ஒரு மீட்டு தேய்ந்து தேய்ந்து போய், போய்விட்டது என்று நாம் நினைக்கிற இடத்தில் இன்னும் இருந்துகொண்டு, அடுத்த ஸ்வரம் அதன் உள்ளேயிருந்தே எழும்பி வந்தது. தந்தியை விரல் இழுப்பது கேட்டது. பிறகு ஒரு நண்பரிடமிருந்து அதே பக்கத்தின் சி.டி. மறுவெளியீட்டை வாங்கி வந்து போட்டேன். மீட்டு விழுகிறது. சற்று நேரம் ஒலிக்கிறது. பிறகு கத்தரித்ததுபோல் ஒன்றுமில்லை. அடுத்த மீட்டு. நடுவில் இருப்பது வெற்றிடம். வீணையும் இல்லை, அறையும் இல்லை.

இங்கேதான் என் சண்டை. நம் நண்பர் ஒருவர், நான் மதிக்கிற கவிஞர், இந்த வெற்றிடத்தைத்தான் 'தனம்மாளின் மௌனம்' என்று எழுதியிருக்கிறார். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையில் அவர் விடுகிற மௌனம், நவீன கவிதை வரிகளுக்கிடையில் விடுகிற மௌனம் என்று ஒன்றரைப் பக்கம். மௌனம் என்ற சொல்லைக் கண்டால் நமக்குக் கைகால் ஓடாது, தெரிந்த விஷயம்தான். ஆனால் இந்த மௌனம் தனம்மாள் விட்டதல்ல. இரைச்சல் நீக்குகிற இயந்திரம் விட்டது. அந்த இயந்திரத்துக்கு வீணை தெரியாது. இரைச்சலின் அளவு இவ்வளவு என்று கணக்கெடுத்துக்கொண்டு, அந்த அளவுக்குக் கீழே போகிற எதையும் இரைச்சல் என்று எடுத்துக் குறைத்துவிடும். தேய்ந்து போகும் தந்தியின் நாதம் கடைசியில் அந்த அளவுக்குக் கீழேதான் போகும், போகாமல் அது வீணையாக இருக்க முடியாது. இதே இயந்திரம் ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்தை ஒன்றும் செய்யாது. அவர் தோடி இரைச்சலுக்கு மேலே, கோபுரத்தின் மேல் நிற்பதுபோல் நிற்கிறது. அதைச் சுத்தம் செய்தாலும் நஷ்டம் அற்பம். நாகசுரத்தைக் கேட்டுவிட்டு 'தொழில்நுட்பம் அபாரம்' என்று சொல்பவர்கள் இதனால்தான் ஏமாறுகிறார்கள். அது தின்பது எப்போதும் மெல்லியதைத்தான்: வீணையை, பின்னால் இருக்கும் தம்புராவை, மூச்சு முடிகிற இடத்தை.

இன்னொன்று வேகம். இது பற்றிப் பேசினால் நம் வட்டத்தில் கொட்டாவி வருகிறது. ஆனாலும் பேசத்தான் வேண்டும். '78' என்று நாம் சொல்வது பிற்காலத்து ஒழுங்கு. மின்சார ஒலிப்பதிவு 1925இல் வருவதற்கு முன்னால், பாடுகிறவர் ஒரு கொம்புக்குள் பாடிய காலத்தில், தட்டு நிமிஷத்துக்கு எழுபத்து சொச்சம் சுற்று, அன்றைக்கு எப்படி அமைந்ததோ அப்படிச் சுழன்றது. 74இல் பதிந்த தட்டை 78இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறும். 70இல் பதிந்திருந்தால் ஏறக்குறைய ஒரு கட்டை. ராகம் மாறாது. ஸ்வரங்களுக்கிடையே உள்ள தூரம் அப்படியேதான் இருக்கும், அதனால்தான் நம் ரசிகர்களுக்கு உறைப்பதில்லை. மாறுவது குரல். கமகம் அவசரப்படும். பிருகா கீச்சிடும். மூன்று நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டிய அவசரத்தில் பாடியவரை நாம் இன்னும் கொஞ்சம் விரட்டுகிறோம்.

யாரை விரட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். அந்தக் கொம்புக் காலத்தில் தென்னாட்டில் நிறையப் பாடியவர்கள் தேவதாசி மரபைச் சேர்ந்த பெண்கள். கோயம்புத்தூர் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள், சேலம் கோதாவரி. இவர்களுடைய மறுவெளியீடுகளைக் கேட்டுவிட்டு 'கீச்சுக் குரல்', 'ஒலிவாங்கி இல்லாத காலத்துக் கத்தல்' என்று ஒரு தீர்ப்பு நம்மிடையே வழங்கி வருகிறது. பின்னால் வந்த சபா சங்கீதம்தான் குரலைப் பண்படுத்தியது என்ற சௌகரியமான சரித்திரத்துக்கு இந்தத் தீர்ப்பு ஒரு தூண். எந்த வேகத்தில் ஓட்டிக் கேட்டீர்கள் என்று யாராவது கேட்டார்களா? பெண்கள் அன்று உயர்ந்த சுருதியில் பாடினார்கள் என்பது உண்மைதான். கொம்பு அடிக்குரலைச் சரியாக வாங்காது என்பதும் உண்மை. இவை இரண்டையும் கழித்த பிறகு மிஞ்சுகிற கீச்சில் எவ்வளவு அந்தப் பெண்களுடையது, எவ்வளவு நம் சுழல்மேடையினுடையது? கூடவே ஹார்மோனியம் வாசித்திருந்தால் ஓரளவு கண்டுபிடிக்கலாம்: சுருதி இரண்டு கட்டைகளுக்கு நடுவே தொங்கினால் வேகம் தப்பு. அதைக்கூடச் செய்வதில்லை. கோயம்புத்தூர் தாயியின் தட்டை வைத்துக்கொண்டு பிரான்ஸில் மாரிஸ் தெலாஜ் என்ற இசையமைப்பாளர் அதைப் பியானோவுக்கு எழுதப் பார்த்திருக்கிறார், 'ராகமாலிகா' என்றே பெயர் வைத்து, முதல் உலக யுத்தத்துக்குச் சற்று முன்னால். 1917இல் மறைந்த அந்தப் பெண்மணியின் குரலில் ஒரு வெளியூர்க்காரருக்குக் கேட்டது என்னவோ, அது நமக்கு ஏன் கேட்கவில்லை?

வேகம் எல்லாம் நம் ஏழை நாட்டுச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். மைல்ஸ் டேவிஸ் 1959இல் பதிந்த 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஜாஸில் மிகப் பிரசித்தமான தட்டுகளில் ஒன்று. அதன் முதல் பக்கம் முழுக்கச் சுருதி சற்று ஏறியே முப்பது வருஷத்துக்கு மேல் விற்றது. பதிவான அன்று ஒரு நாடா இயந்திரம் மெதுவாக ஓடியதுதான் காரணம். 1992இல்தான் திருத்தினார்கள். வித்தியாசம் இதுதான்: அங்கே திருத்தினார்கள், திருத்தினோம் என்று அட்டையில் சொன்னார்கள், அதைப் பற்றிச் சண்டை போட ஆளும் இருந்தது. பழைய ஜாஸ் தட்டுகளை மறுவெளியீட்டுக்காகச் செப்பனிட்டுக்கொண்டிருந்த ஜான் ஆர். டி. டேவிஸ் என்ற ஆங்கிலேயர் (2004இல் காலமானார், அவரே வாத்தியக்காரர்) ஒரு 'டிக்' சத்தத்தை எடுக்க, நாடாவில் அந்த இடத்தை மட்டும் கத்தியால் சுரண்டி எடுப்பாராம். ஒரு கீறலுக்கு ஒரு சுரண்டல். மொத்தப் பாட்டையும் சலவைக்குப் போடவில்லை.

நமக்கு இது புரியாத விஷயமும் அல்ல. 1894இல் உ.வே.சா. புறநானூற்றை அச்சிட்டபோது ஏடு சிதைந்த இடங்களில் தன் கவித்துவத்தைக் காட்டி நிரப்பவில்லை. சிதைந்தது சிதைந்ததாகவே நிற்கிறது. 267, 268ஆம் பாட்டுகள் இன்றுவரை இல்லை. 'நேற்று எழுதியதுபோல் இருக்கிறது' என்று ஒருவன் புறநானூற்றுக்குப் பதிப்பு கொண்டுவந்தால் அவனை என்ன செய்வோம்? எங்கள் வேளச்சேரிக்கு அடுத்த தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கிழிந்த பக்கத்தைக் கிழிந்தபடியேதான் பாதுகாக்கிறார்கள். காகிதத்துக்குக் காட்டுகிற மரியாதையை அரக்குக்குக் காட்டக் கூடாதா? என். சி. வசந்தகோகிலம் 1951இல், முப்பத்திச் சொச்சம் வயதில் போய்விட்டார். அவர் நமக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் தட்டுகளில்தான். வெள்ளத்தில் போன என் கேசட்டுகளில் ஒன்றில் அவர் குரலைக் குளியலறையில் பாடவிட்டதுபோல் எதிரொலி சேர்த்திருந்தார்கள். எந்த ஆண்டுத் தட்டு, என்ன எண், எந்த வேகம், என்ன சேர்த்தோம், என்ன எடுத்தோம் என்று ஒரு வரி கிடையாது. அட்டையில் திருப்பதி கோபுரம் இருந்தது.

மறுபக்கத்தில் இருப்பவர்களோடும் எனக்கு உறவு இல்லை. கரகரப்பையே காதலிக்கிற கோஷ்டி ஒன்று இப்போது கிளம்பியிருக்கிறது. கிராமபோன் பெட்டியை வரவேற்பறையில் வைத்து, வருகிறவர்களுக்கு அரை நிமிஷம் போட்டுக் காட்டி, 'அந்தக் காலத்து வாசனை' என்பார்கள். உருக்கு ஊசியால் ஒவ்வொரு தடவையும் தட்டைச் சுரண்டுகிறார்கள் என்று சொன்னால் கோபம் வருகிறது. இவர்களுக்குத் தனம்மாளும் ஒன்றுதான், பித்தளைக் கூஜாவும் ஒன்றுதான். இரைச்சல் எனக்கும் பிடிக்காது. ஆனால் இரைச்சலை என் காது ஒதுக்கிக்கொள்ளும், இரண்டு நிமிஷத்தில் அது மறைந்துவிடும். எடுத்துவிட்ட நாதத்தை எந்தக் காதும் திரும்பக் கொண்டுவர முடியாது.

மறுவெளியீடு செய்கிறவர்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. தட்டின் எண்ணைப் போடுங்கள். எந்த வேகத்தில் ஓட்டினீர்கள், ஏன் என்று போடுங்கள். சலவைக்குப் போட்டதோடு போடாததையும் சேர்த்துக் கொடுங்கள், இப்போதெல்லாம் இடத்துக்கா பஞ்சம்? மௌனம் பற்றி எழுதுகிற நண்பர்களிடம் கேட்பது இன்னும் குறைவு: ஒரு ஞாயிற்றுக்கிழமை பறக்கும் ரயில் ஏறி வேளச்சேரிக்கு வாருங்கள். இப்போது மாடி வீட்டில் இருக்கிறேன். தட்டையும் சி.டி.யையும் அடுத்தடுத்து வைக்கிறேன். காபி உண்டு.

கவிஞருக்கு இதைக் கடிதமாகவும் எழுதினேன். 'எனக்கு அந்த மௌனம் கேட்டது, அது போதும்' என்று ஒரு வரிப் பதில் வந்தது. எந்த மறுவெளியீட்டில் கேட்டது என்று மறுபடி எழுதிக் கேட்டிருக்கிறேன்.