மழையில் அழுகும் அகேவ் கற்றாழையைக் காப்பாற்ற முடியுமா?

‘மொட்டை மாடியில், தொட்டியில் வளரும் குட்டை ரக அகேவ் கற்றாழையின் அடி இலைகள், தொடர் மழைக்குப் பிறகு பழுப்பாகிக் கொழகொழவென்று ஆகின்றன. நான்கு ஆண்டுகள் வளர்ந்த செடி. காப்பாற்ற வழி உண்டா?’

- வாசகி, ஊரப்பாக்கம்.

குருத்து கெட்டியாக இருந்தால் காப்பாற்றலாம். நடுக்குருத்தை மெதுவாக அசைத்துப் பார்க்கவும். கையோடு வந்து, நாற்றமும் அடித்தால் செடி தேறாது.

அகேவ், ரயில் பாதையோரம் வளரும் ரயில் கற்றாழையின் இனம். நர்சரிகளில் கிடைக்கும் ‘விக்டோரியா ரெஜினே’ என்ற வெள்ளைக்கோடு போட்ட குட்டை ரகம், வடகிழக்கு மெக்சிகோவின் வறண்ட சுண்ணாம்புப் பாறைச் சரிவுகளுக்கு உரியது. சென்னை வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். வெயில் இந்தச் செடியைக் கொல்வதில்லை. வேரில் தேங்கும் ஈரம்தான் கொல்கிறது. அடியில் ஓரிரு இலைகள் காகிதம்போலக் காய்வது இயல்பு. கொழகொழப்பாக இருந்தால் அழுகல்.

உடனே செய்ய வேண்டியவை: செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, மண்ணை உதறவும். அழுகிய இலை, வேர்களைச் சுத்தமான கத்தியால், வெள்ளையான நல்ல திசு தெரியும்வரை வெட்டி நீக்கவும். லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு கலந்த நீரில் அடிப்பகுதியை நனைத்து, நிழலில் காற்றோட்டமாக ஒரு வாரம் உலர விடவும். வேர் இல்லாமலேயே இந்தச் செடி அத்தனை நாள் தாங்கும். வெட்டுக்காயம் காயாமல் நட்டால் மீண்டும் அழுகும்.

மண் கலவை: செம்மண் 1 பங்கு, கழுவிய பருமணல் 2 பங்கு, உடைத்த செங்கல் துண்டு 1 பங்கு. தென்னைநார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் வேண்டாம். கடற்கரை மணலும் கூடாது. அடியில் துளையுள்ள மண் தொட்டி நல்லது. அதைச் செங்கல் மீது தூக்கி வைக்கவும். இலைக்கூட்டின் அடி, மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும்.

பராமரிப்பு: நட்டு ஒரு வாரம் கழித்தே முதல் தண்ணீர். பிறகு, தொட்டி மண் முழுக்கக் காய்ந்தால் மட்டும் ஊற்றவும். கோடையில் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை போதும். புது வேர் பிடித்த பின் சிறிது சிறிதாக முழு வெயிலுக்குப் பழக்கவும். அடுத்த ஐப்பசி பிறக்கும் முன்பே தொட்டியை மழை படாத, வெளிச்சமான சன்ஷேடு அடிக்கு மாற்றிவிட வேண்டும். இலை இடுக்கில் மாவுப்பூச்சி தெரிந்தால், லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கவும்.

எச்சரிக்கை: இது சோற்றுக்கற்றாழை அல்ல. சாறு தோலில் பட்டால் அரிப்பு, கொப்புளம் வரும்; உண்ணவோ முகத்தில் தடவவோ கூடாது. வெட்டும்போது கையுறை அணியவும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இலை நுனி முள்ளை நகவெட்டியால் மழுக்கிவிடலாம்.