அலுமாரிக்குள் கிடந்த கல்சியம்

கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றார்கள் பொறுமையாக வாசிக்கவும்.

போன கிழமை உயர்தர இரசாயனவியல் வகுப்பில் கேட்டோம், கல்சியம் சுவாலைக்கு என்ன நிறம் கொடுக்கும் என்று. "செங்கட்டிச் சிவப்பு சேர்!" முழு வகுப்பும் ஒரே குரலில். கண்ணால் கண்டவர் யார்? ஒரு கையும் எழும்பவில்லை. ஆய்வுகூட அலுமாரியில் கல்சியம் குளோரைட்டுப் போத்தல் சீல் உடையாமல் இருக்கிறது.

இது சின்ன விசயம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

சூரியன் மாதிரி நட்சத்திரங்கள் எரிபொருள் முடிந்த பின் சுருங்கி வெண்குள்ளன் ஆகின்றன. பருமன் பூமியளவு, திணிவோ சூரியனில் பாதிக்கு மேல். அங்கே ஈர்ப்பு பூமியை விட இலட்சம் மடங்குக்கும் அதிகம். கலங்கின வாய்க்கால் தண்ணீரைப் போத்தலில் பிடித்து வைத்தால் சேறு அடியில் இறங்குமே, அப்படித்தான் அங்கேயும் பாரமான மூலகங்கள் எல்லாம் உள்ளே இறங்கிவிடும். மேலே மிஞ்சுவது பெரும்பாலும் ஐதரசன், சிலவற்றில் ஈலியம். மஃரிபுக்குப் பிறகு கடற்கரையில் நின்றால் மாசி மாதத்தில் உச்சிப் பக்கமாகப் பளிச்சென்று மின்னும் சிரியஸ், அதாவது சூரா அந்நஜ்மில் 'ஷிஃரா' என்று பெயர் வரும் நட்சத்திரம், தனக்கொரு வெண்குள்ளன் துணை வைத்திருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. அதன் வளிமண்டலம் ஐதரசன். (இதை வைத்து "அன்றே சொல்லப்பட்டது" என்று யாரும் போஸ்டர் அடிக்க வேண்டாம், தயவுசெய்து.)

ஆனால் கணிசமான வெண்குள்ளன்களில், ஆய்வுகளின்படி கால்வாசி முதல் பாதி வரை, கல்சியம், மகனீசியம், சிலிக்கன், இரும்பு எல்லாம் தெரிகிறது. இருக்கக் கூடாதது. சூடான ஐதரசன் வெண்குள்ளன் ஒன்றில் இவை சில நாட்களிலேயே தாழ்ந்துவிடும். அப்படியென்றால் யாரோ இப்பதான் போட்டிருக்க வேண்டும். போட்டது, அதைச் சுற்றி ஓடி நொறுங்கிய சிறுகோள்களும் கோள்களும். அந்தக் கலவையின் விகிதம் பல இடங்களில் எங்கட பூமிப் பாறையை ஒத்திருக்கிறது. வேறொரு நட்சத்திரத்தைச் சுற்றிய உலகத்தின் கல்லை உடைத்துப் பார்க்க மனிதனுக்குக் கிடைத்த அருமையான ஆய்வுகூடம் இதுதான் என்று சொன்னால் மிகையில்லை.

சுவாலையில் நிறம் கொடுக்கும் கல்சியம் நட்சத்திரத்தில் வேறு மாதிரி நடக்கும். வரும் வெளிச்சத்தில் 393, 397 நானோமீற்றர் ஊதா இடங்களைத் தின்றுவிட்டுக் கறுப்புக் கோடு விடும். 1917இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சனில் வான் மானன் கண்ட ஒரு நட்சத்திரத்தை, அதே ஆண்டு வால்டர் ஆடம்ஸ் கண்ணாடித் தட்டில் பதிவு செய்தார். கோடுகள் தெளிவாக இருந்தன. ஆனால் சாதாரண நட்சத்திரம் என்று நினைத்து எடுத்து வைத்துவிட்டார்கள். ஏறத்தாழ நூறு வருடம் கழித்து ஜே ஃபாரிஹி என்ற ஆய்வாளர் கேட்டபோதுதான் தட்டு திரும்ப வெளியே வந்தது. 2016இல் அறிவித்தார்கள்: சூரியனுக்கு வெளியே கோள்கள் இருப்பதற்கு மனிதன் எடுத்த முதல் சான்று அது. அத்தனை காலமும் அலுமாரிக்குள்!

சந்திரசேகரையும் நாங்கள் இப்படித்தான் வைத்திருக்கிறோம். சென்னை பிரசிடென்சிக் கல்லூரியில் படித்த தமிழ்ப் பையன், 1930இல் 19 வயதில் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலிலேயே வெண்குள்ளனின் திணிவுக்கு எல்லை உண்டு என்று கணக்குப் போட்டார். சூரியனைப் போல சுமார் 1.4 மடங்கு என்பது இன்றைய கணக்கு. எங்கட பிள்ளைக்கு அவர் '1983 நோபல்' என்ற பொது அறிவு விடை, அவ்வளவுதான்.

பிள்ளைகளில் குறை இல்லை. போத்தலைத் திறந்தால் வருடக் கணக்கெடுப்பில் "எங்கே போனது?" என்று ஆசிரியரைத்தான் கேட்பார்கள். திறக்காவிட்டால் ஒருவரும் கேட்கப் போவதில்லை. ரியூசனில் விடை கிடைக்கிறது, பெற்றாருக்கும் பெறுபேறு வந்தால் போதும். எங்களிலும் பிழை உண்டு. எத்தனையோ வருடம் நாங்களும் நோட்ஸ் சொல்லிக் கொடுத்துவிட்டு மணி அடிக்க வெளியே வந்தவர்கள்தான்.

ஒரு யோசனை. அக்கரைப்பற்றுக்கும் ஆலையடிவேம்புக்கும் நடுவில் கிடப்பது ஒரு வீதி. ஒரு பக்கத்தில் இரசாயனப் பொருள் இருக்கிறது, செய்து காட்ட ஆளில்லை. மறுபக்கம் ஆள் இருக்கிறார், அடுப்பு இல்லை. மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு பக்கத்துப் பிள்ளைகளையும் ஒரே மேசையில் நிறுத்தலாம். அதிபர்மார் சம்மதித்தால் வலயத்துக்கு எழுத நாங்கள் தயார். பொருட்பதிவேட்டில் "செலவழிந்தது" என்று எழுதிக் கையெழுத்து வைக்கவும் தயார்.

அதுவரைக்கும் வீட்டில், உம்மாவோ அம்மாவோ பக்கத்தில் நிற்க, காஸ் அடுப்பின் நீலச் சுடரில் ஒரு சிட்டிகை கறியுப்பைத் தூவச் சொல்லுங்கள். மஞ்சள் எழும்பும், சோடியம். பிள்ளை என்ன கேட்கிறது என்று எங்களுக்கும் சொல்லுங்கள்.